மைக்கேல் ஃபிஷ்: ஒரு தொலைக்காட்சி வானிலையாளரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1987 அக்டோபரில் இங்கிலாந்தின் தென்பகுதியைச் சூறையாடிய பெரும்புயலைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அதற்கு முந்தைய நாள் மதியம் பிபிசி தொலைக்காட்சியில் தோன்றி ‘கவலைப்பட வேண்டாம்’ என்று சொன்ன மைக்கேல் ஃபிஷ் பற்றியும் பேச்சு எழுந்துவிடுகிறது. சில நொடிகளே ஓடும் அந்தக் காணொளித் துணுக்கை மட்டும் பார்த்தவர்கள் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து விடையளித்திருக்கிறேன். ஒரு மனிதரின் முப்பதாண்டுப் பணியை ஒரே வாக்கியத்தால் அளப்பது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. அந்த வாக்கியத்தையும் பலர் சரியாகக் கேட்டதில்லை.

யார் இந்த மைக்கேல் ஃபிஷ்? புயலுக்கு முன்னால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?

இங்கிலாந்தின் தென்கடலோர நகரமான ஈஸ்ட்போர்னில் 1944 ஏப்ரல் 27 அன்று பிறந்தவர். மெட் ஆபிஸ் எனப்படும் பிரிட்டன் வானிலைத் துறையில் 1962இல், பதினெட்டு வயதில், பணியில் சேர்ந்தார். தொடக்கத்தில் கேட்விக் விமான நிலையத்திலும் பின்னர் லண்டன் வானிலை மையத்திலும் பணிபுரிந்தார். 1971இல் பிபிசி வானொலியில் குரல் கொடுக்கத் தொடங்கி, 1974 ஜனவரியில் தொலைக்காட்சிக்கு வந்தார்.

அதிலிருந்து 2004 அக்டோபர் 6 அன்று ஓய்வு பெறும்வரை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிரிட்டன் மக்களின் வீடுகளில் அவர் முகம் தெரிந்துகொண்டே இருந்தது. அவரளவு நீண்ட காலம் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வானிலை சொன்னவர் அப்போது வேறெவரும் இல்லை. புயல் வீசிய 1987ஆம் ஆண்டு அந்தக் காலத்தின் ஏறக்குறைய நடுப்பகுதியில் வருகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அவர் வானிலை தெரிந்தவரா, இல்லை யாரோ எழுதிக் கொடுத்ததை வாசித்தவரா?

வானிலை தெரிந்தவர். அந்நாளில் பிபிசி தொலைக்காட்சியில் வானிலை சொன்னவர்கள் பிபிசியின் ஊழியர்கள் அல்லர். மெட் ஆபிஸின் ஊழியர்கள், அதாவது அரசுப் பணியாளர்கள். அழுத்த வரைபடத்தைப் படிக்கவும், கணினி தந்த கணிப்பையும் கப்பல்களிலிருந்தும் நிலையங்களிலிருந்தும் வந்த அளவீடுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கவும் பயிற்சி பெற்றவர்கள்.

ஆனால் நாட்டுக்கான முன்னறிவிப்பை அவர்கள் தனியாக முடிவு செய்யவில்லை என்பதையும் சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். தலைமை முன்னறிவிப்பாளர்கள் பிராக்னெல் நகரில் இருந்த தலைமையகத்தில் அமர்ந்து பொது வழிகாட்டுதலை உருவாக்கினார்கள். அதைப் பெற்று, பொதுமக்களுக்கு எதைச் சொல்வது, எதை விடுவது, எந்த வரிசையில் சொல்வது என்று தீர்மானித்து, எழுதிவைத்த உரை எதுவும் இல்லாமல், ஒதுக்கிய நொடிகளுக்குள் நேரலையில் பேசி முடிப்பதே தொலைக்காட்சி வானிலையாளரின் வேலை. அறிவியலும் பேச்சுத் திறனும் சம அளவில் தேவைப்படும் வேலை அது. பின்னால் வரும் பழியைப் புரிந்துகொள்ள இந்த வேலைப் பகிர்வு முக்கியமானது.

பிபிசியில் வானிலை சொல்லும் வழக்கம் இவரோடுதான் தொடங்கியதா?

இல்லை. 1954 ஜனவரி 11 அன்று ஜார்ஜ் கவ்லிங் என்ற மெட் ஆபிஸ் பணியாளர் வரைபடத்தின் முன் நின்று பேசியதே பிபிசியில் வானிலையாளர் ஒருவர் திரையில் தோன்றிய முதல் நிகழ்ச்சி. மறுநாள் காற்று வீசும், துணி உலர்த்த நல்ல நாள் என்று அவர் சொன்னதை இன்றும் நினைவுகூர்கிறார்கள். அறிவியல் கணிப்பை அடுப்படிக்கும் கொல்லைப்புறத்துக்கும் பயன்படும் செய்தியாக மாற்றிச் சொல்லும் மரபு அங்கேயே தொடங்கிவிட்டது. ஃபிஷ் அந்த மரபில் வந்தவர்.

கணினிப் படங்கள் இல்லாத காலத்தில் வரைபடத்தை எப்படிக் காட்டினார்கள்?

காந்தத்தால் ஒட்டும் அட்டைச் சின்னங்களைக் கொண்டு. மேகம், மேகத்தின் கீழே மழைத்துளி, மேகத்தின் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் சூரியன் என்று மார்க் ஆலன் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய சின்னங்கள் 1975இல் பயன்பாட்டுக்கு வந்தன. வானிலையாளர் பேசிக்கொண்டே அவற்றை உலோகப் பலகையில் ஒட்டுவார். சில சமயம் அவை நழுவி விழுந்துவிடும். 1985இல் கணினி வரைகலை வந்த பிறகு, வெற்றுத் திரையின் முன் நின்று, தன் பின்னால் இல்லாத வரைபடத்தைச் சுட்டிக்காட்டக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டு முறைகளிலும் பணியாற்றிய தலைமுறையைச் சேர்ந்தவர் ஃபிஷ். பளிச்சென்ற கம்பளிச் சட்டைகளுக்காகவும் அவரை மக்கள் அடையாளம் கண்டார்கள்.

‘ஹரிக்கேன் வராது’ என்று சொன்னார், மறுநாளே வந்துவிட்டது. அப்படித்தானே?

அப்படியே அல்ல. 1987 அக்டோபர் 15, வியாழக்கிழமை, மதிய முன்னறிவிப்பில் அவர் சொன்னதன் சாரம் இது: இன்று ஒரு பெண்மணி பிபிசிக்குத் தொலைபேசியில் அழைத்து, ஹரிக்கேன் ஒன்று வந்துகொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்று கூறினாராம், நீங்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தால் கவலைப்பட வேண்டாம், அப்படி எதுவும் வரவில்லை.

துணுக்கு பெரும்பாலும் இங்கேயே வெட்டப்படுகிறது. அவரோ நிறுத்தாமல் தொடர்ந்தார். அது ஒருபுறம் இருக்க, காற்று மிகப் பலமாகவே வீசப்போகிறது, ஆனால் பலத்த காற்றின் பெரும்பகுதி ஸ்பெயினிலும் பிரான்ஸ் பக்கமாகவும்தான் இருக்கும் என்றார். என் பார்வையில் அன்றைய முன்னறிவிப்பின் உண்மையான பிழை இந்த இரண்டாம் வாக்கியத்தில்தான் இருக்கிறது. உலகம் நினைவில் வைத்திருப்பதோ முதல் வாக்கியத்தை.

அவர் ஃபிளாரிடாவைப் பற்றிப் பேசினார் என்கிறார்களே, அது உண்மையா, சமாளிப்பா?

ஃபிஷ் பின்னாளில் அளித்த விளக்கம் அது. தனக்கு முந்தைய செய்தியில் அட்லாண்டிக்கின் மறுகரையில் வீசிய ஹரிக்கேன் பற்றிக் கூறப்பட்டது என்றும், தான் அதையே குறிப்பிட்டதாகவும் அவர் சொன்னார். அந்த வாரத் தொடக்கத்தில் ஃபிளாயிட் என்ற ஹரிக்கேன் கியூபாவையும் ஃபிளாரிடாவின் தென்முனைத் தீவுகளையும் கடந்தது உண்மை. ஆகவே இந்த விளக்கத்தைக் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட முடியாது.

எனினும் அவரைக் காக்க இந்த விளக்கம் தேவையே இல்லை என்று நினைக்கிறேன். ஃபிளாரிடாவை விட்டுவிட்டு இங்கிலாந்தை வைத்துப் பார்த்தாலும் முதல் வாக்கியம் பெரும்பாலும் சரியே. காரணத்தை அடுத்தடுத்த விடைகளில் காணலாம். ஃபிளாரிடா விளக்கத்தையே பிடித்துக்கொள்பவர்கள், காற்று பிரான்ஸ் பக்கம் போகும் என்ற இரண்டாம் வாக்கியத்துக்கு விடை சொல்லாமல் நழுவிவிடுகிறார்கள்.

அன்று இரவு நடந்தது என்ன? மிகைப்படுத்துகிறார்களா?

மிகை இல்லை. பிஸ்கே வளைகுடாவிலிருந்து கிளம்பிய தாழ்வழுத்த மண்டலம் விரைவாக வலுப்பெற்று, நள்ளிரவில் ஆங்கிலக் கால்வாயின் மேற்குப் பகுதியில் 953 மில்லிபார் அளவுக்கு அழுத்தம் தாழ்ந்து, அக்டோபர் 16 விடியற்காலையில் தென்கிழக்கு இங்கிலாந்தைக் காற்றால் புரட்டிப்போட்டபடி வடகிழக்கே சென்றது. நார்ஃபோக் கடலோரத்தில் உள்ள கோர்ல்ஸ்டனில் மணிக்கு 196 கி.மீ. வேகத்தில் காற்று உந்தி வீசியது. கால்வாயின் மறுகரையில், நார்மண்டியின் கிரான்வில் அருகே, 220 கி.மீ. பதிவானது.

இங்கிலாந்தில் 18 பேரும் பிரான்ஸில் 4 பேரும் உயிரிழந்தார்கள். ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மரங்கள் சாய்ந்தன. இலைகள் இன்னும் உதிராத பருவம் என்பதாலும், பெய்த மழையில் மண் ஊறிப்போயிருந்ததாலும் மரங்கள் வேரோடு பெயர்ந்தன. லண்டனின் கியூ தாவரவியல் தோட்டம் மட்டும் சுமார் 700 மரங்களை இழந்தது. ஏழு ஓக் மரங்களால் பெயர்பெற்ற செவனோக்ஸ் நகரில் ஆறு மரங்கள் விழுந்து ஒன்று மிஞ்சியது. ஹெங்கிஸ்ட் என்ற பயணிகள் கப்பல் ஃபோக்ஸ்டன் அருகே கரையில் தூக்கி எறியப்பட்டது. வைட் தீவின் ஷாங்க்லின் கடற்பாலம் சிதைந்தது. லண்டன் நகரம் மின்சாரமின்றி இருளில் மூழ்கியது. வெள்ளிக்கிழமை காலையில் பங்குச் சந்தைக்கு வந்து சேர முடிந்தவர்கள் வெகு சிலரே.

இவ்வளவு நாசம் செய்த காற்றை ஹரிக்கேன் இல்லை என்றால் யார் ஒப்புவார்கள்?

வானிலையாளர்கள் ஒப்புவார்கள். ஹரிக்கேன் என்பது வெப்பமண்டலக் கடலில், வெதுவெதுப்பான நீரிலிருந்து ஆற்றல் பெற்று உருவாகும் புயல். வங்கக் கடலில் உருவாகி நம் கரையைத் தாக்கும் கடும் புயல்களும் அதே இனத்தவை. 1987இல் இங்கிலாந்தைத் தாக்கியதோ, குளிர்ந்த காற்றும் வெப்பக் காற்றும் மோதும் எல்லையில், அவற்றின் வெப்ப வேறுபாட்டால் வலுப்பெற்ற மிதவெப்ப மண்டலத் தாழ்வழுத்தம். பிறப்பிலும் அமைப்பிலும் இரண்டும் வேறு வேறானவை. இந்தப் பொருளில் ஃபிஷ் சொன்னது முற்றிலும் சரி.

சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. காற்றின் வலிமையை அளக்கும் போஃபோர்ட் அளவுகோலில் 12ஆம் நிலைக்கும் ‘ஹரிக்கேன் விசை’ என்றே பெயர். பத்து நிமிடச் சராசரி வேகம் மணிக்கு சுமார் 118 கி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்த நிலை. ஒரு கணம் உந்தி வீசும் வேகம் இதில் கணக்கில் வராது. ஈஸ்ட்போர்ன் கடலில் அப்போது நின்ற ராயல் சாவரின் கலங்கரை விளக்கத்தில் ஒரு மணிநேரச் சராசரியே 139 கி.மீ. அளவில் இருந்தது. ஆக, ஹரிக்கேன் வரவில்லை. ஆனால் ஹரிக்கேன் விசையுள்ள காற்று சில இடங்களில் வீசியது. கூரை பறந்த வீட்டில் நிற்பவருக்கு இந்த வேறுபாடு ஆறுதல் தராது என்பதை நான் மறுக்கவில்லை. ஒருவரைப் பொய்யர் என்று அழைக்கும் முன் அறிந்திருக்க வேண்டிய வேறுபாடு அது.

கணினி இருந்தும் ஏன் சரியாகக் கணிக்க முடியவில்லை?

அந்த வார இறுதிக்குள் கடுமையான வானிலை வரக்கூடும் என்பதை நான்கைந்து நாட்கள் முன்பே மெட் ஆபிஸ் கணித்திருந்தது. வாரத்தின் நடுப்பகுதியில்தான் குழப்பம் தொடங்கியது. கணினிக் கணிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பலத்த காற்று கால்வாயையும் அதன் தென்பகுதியையும் ஒட்டியே செல்லும் என்ற திசையில் அவை சாய்ந்தன. ஃபிஷ் மதியம் சொன்ன ‘ஸ்பெயின், பிரான்ஸ்’ இந்த வழிகாட்டுதலின் எதிரொலி.

கணினி பிழை செய்ததற்கு முதன்மையான காரணம், புயல் பிறந்த இடத்தில் அளவீடுகள் குறைவாக இருந்ததே. பிஸ்கே வளைகுடாவிலும் அதற்கு மேற்கே உள்ள கடலிலும் கப்பல்களிலிருந்து வரும் தகவல்கள் போதவில்லை. செயற்கைக்கோள் அளவீடுகளைக் கணினியில் சேர்க்கும் முறையும் இன்றைய நிலையை எட்டியிருக்கவில்லை. தொடக்க நிலையே தெளிவாகத் தெரியாதபோது, அதிலிருந்து கணக்கிடும் முடிவு தடம் மாறுவது தவிர்க்க இயலாதது. அதோடு, வரைபடத்தைப் புள்ளிகளாகப் பிரித்துக் கணக்கிட்ட அன்றைய நுண்வலைக் கணிப்பு முறையில் இரு புள்ளிகளுக்கு இடையிலான தொலைவு சுமார் 75 கி.மீ. அந்த இடைவெளிக்குள் நிகழும் சிறிய, கடுமையான மாற்றங்கள் கணினியின் பார்வைக்கே வருவதில்லை.

அப்படி ஒரு சிறிய மாற்றம் அன்று இருந்ததையும் பின்னாளில் கண்டுபிடித்தார்கள். புயலின் வால்முனையில், உயரத்திலிருந்து குறுகிய பட்டையாகத் தரையை நோக்கிப் பாயும் கடுங்காற்றை 1987 புயலின் தரவுகளைக் கொண்டு கீத் பிரவுனிங் என்ற வானிலை அறிவியலாளர் 2004இல் விளக்கினார். தேள் கொடுக்கை நினைவூட்டும் ‘ஸ்டிங் ஜெட்’ என்ற பெயர் அதற்கு அமைந்தது. 1987இல் இப்படி ஒன்று இருப்பது எவருக்கும் தெரியாது.

அப்படியானால் எச்சரிக்கையே விடப்படவில்லையா?

விடப்பட்டது, சேர வேண்டியவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டுமே சேர்ந்தது. வியாழன் காலையிலேயே கால்வாய்க் கடற்பகுதிகளுக்குச் சூறைக்காற்று எச்சரிக்கை வெளியானது. சில மணி நேரத்தில் அது கடுஞ்சூறை என்று உயர்த்தப்பட்டது. கிரீனிச் நேரப்படி இரவு 10.35க்குப் போஃபோர்ட் 10ஆம் நிலை எச்சரிக்கையும், நள்ளிரவைத் தாண்டி 1.40க்கு 11ஆம் நிலை எச்சரிக்கையும் விடப்பட்டன. லண்டன் தீயணைப்புத் துறை உள்ளிட்ட அவசர சேவைகளுக்கும், 1.35க்குப் பாதுகாப்பு அமைச்சகத்துக்கும் தகவல் சென்றது.

கடலில் இருந்தவர்களுக்கும் பணியில் விழித்திருந்தவர்களுக்கும் இவை பயன்பட்டன. வீட்டில் இருந்தவர்களின் நிலை வேறு. மாலை முன்னறிவிப்புகள் காற்றைக் குறிப்பிட்டாலும் பெருமழையையே முதன்மைப்படுத்தின. பெரும்பாலான மக்கள் உறங்கச் சென்ற நேரம் வரை, வழக்கத்துக்கு மாறான கடுங்காற்று வருகிறது என்று நாடு தழுவிய வானொலியோ தொலைக்காட்சியோ சொல்லவில்லை. அன்றைய தோல்வி எது என்று என்னைக் கேட்டால், மதியம் ஒருவர் சொன்ன வாக்கியத்தைவிட இந்த மாலை நேர மௌனத்தையே சுட்டிக்காட்டுவேன்.

அன்று மாலை சொன்னவரும் ஃபிஷ்தானா?

இல்லை. அன்று மாலைப் பணியில் திரையில் தோன்றியவர் அவருடைய சக வானிலையாளர் பில் ஜைல்ஸ். இதைச் சொல்வது பழியை ஒருவர் தலையிலிருந்து இறக்கி இன்னொருவர் தலையில் ஏற்றுவதற்காக அல்ல. ஜைல்ஸின் கையில் இருந்ததும் அதே பிராக்னெல் வழிகாட்டுதல்தான். ஒரே தகவலை வைத்துப் பலர் பேசினார்கள். அவர்களில் ஒருவர், தொலைபேசியில் அழைத்த பெண்மணியைப் பற்றிய ஒரு வரியைச் சேர்த்தார். மனதில் ஒட்டிக்கொள்ளும்படி அமைந்தது அந்த வரி என்பதால், துறை முழுவதற்குமான பழிக்கு அவர் முகமே அடையாளமாகிவிட்டது. இரண்டாம் கேள்விக்கான விடையில் சொன்ன வேலைப் பகிர்வை இங்கே மீண்டும் நினைவில் கொள்ள வேண்டும்: கணிப்பு ஒரு கூட்டு வேலை, முகம் மட்டும் ஒருவருடையது.

அதன் பிறகு அவர் வேலை போய்விட்டதா?

போகவில்லை. புயலுக்குப் பிறகும் பதினேழு ஆண்டுகள் அதே திரையில் வானிலை சொன்னார். 2004இல் எம்பிஇ எனப்படும் அரச விருது கிடைத்தது. ஓய்வுக்குப் பிறகும் வானிலையைப் பற்றிப் பேசுவதை அவர் விட்டுவிடவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் அந்த 1987 துணுக்கு இடம்பெற்றது; உலகம் முழுவதும் பார்க்கும் மேடையில் தன் நாட்டின் நினைவுகளை அடுக்கியபோது, அந்தச் சில நொடிகளையும் பிரிட்டன் அவற்றில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

பழி விழுந்த மறுவாரமும் அதே மக்கள் முன்னால் நின்று நாளைய வானிலையைச் சொல்வதற்கு மிகுந்த மன உறுதி வேண்டும். அவர் பணி வாழ்க்கையில் நான் பெரிதும் மதிப்பது இதைத்தான்.

பொருளாதாரச் செய்திகளில் ‘மைக்கேல் ஃபிஷ் தருணம்’ என்று வருகிறதே, அது என்ன?

2008 நிதி நெருக்கடியை முன்கூட்டியே காணத் தவறியது பொருளாதார வல்லுநர்களின் ‘மைக்கேல் ஃபிஷ் தருணம்’ என்று இங்கிலாந்து வங்கியின் அன்றைய தலைமைப் பொருளாதார வல்லுநர் ஆண்டி ஹால்டேன் 2017 ஜனவரியில் குறிப்பிட்டார். வானிலைத் துறை தன் பிழையிலிருந்து கற்றுத் தன் கணிப்பு முறைகளைத் திருத்திக்கொண்டது, பொருளாதாரமும் அப்படிச் செய்ய வேண்டும் என்பது அவர் வாதத்தின் உட்பொருள். அந்தத் தொடரைக் கேலியாக மட்டும் பயன்படுத்துபவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

அப்படி என்னதான் கற்றுத் திருத்திக்கொண்டார்கள்?

புயலைத் தொடர்ந்து நடந்த விசாரணை, பிரிட்டனுக்குத் தெற்கிலும் மேற்கிலும் உள்ள கடற்பரப்பில் கப்பல்கள், விமானங்கள், மிதவைகள், செயற்கைக்கோள்கள் வழியாகப் பெறும் அளவீடுகளைக் கூட்டவும், கணிப்பு முறைகளைச் செம்மைப்படுத்தவும், முன்னறிவிப்பாளர்களின் பயிற்சியை மேம்படுத்தவும் பரிந்துரைத்தது. பொதுமக்களுக்கும் அவசர சேவைகளுக்கும் ஒரே சீராக எச்சரிக்கை செல்வதற்கான தேசியக் கடும்வானிலை எச்சரிக்கைச் சேவை 1988இல் உருவானது.

இன்னும் ஆழமான மாற்றம் கணிப்பு முறையிலேயே நிகழ்ந்தது. ஒரே தொடக்க நிலையிலிருந்து ஒரே விடையைக் கணக்கிடுவதற்குப் பதிலாக, தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றிப் பல முறை கணக்கிட்டு, விடைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்கும் முறையை ஐரோப்பிய நடுத்தரக்கால முன்னறிவிப்பு மையம் 1992இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பின்னர் இம்முறையில் 1987 புயலை மீண்டும் கணக்கிட்டுப் பார்த்தபோது விடைகள் பெரிதும் சிதறின. சிலவற்றில் கடும்புயல் இருந்தது, சிலவற்றில் புயலே இல்லை. ‘உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் பேராபத்துக்கு இடமுண்டு’ என்பதே அன்று மதியம் மக்களுக்குச் சொல்லியிருக்க வேண்டிய சரியான முன்னறிவிப்பு. அதைச் சொல்வதற்கான கருவி ஃபிஷிடம் மட்டுமல்ல, உலகில் எவரிடமும் அப்போது நடைமுறையில் இல்லை.

இன்று அதே புயல் வந்தால் தப்பாமல் சொல்லிவிடுவார்களா?

புயல் வரும் என்பதையும் ஏறத்தாழ எங்கே என்பதையும் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். 2022 பிப்ரவரி 18 அன்று தென் இங்கிலாந்தைத் தாக்கிய யூனிஸ் புயலுக்கு, உச்ச நிலையான சிவப்பு எச்சரிக்கையின் முதல் அறிவிப்பு முந்தைய நாளே வெளியானது. பள்ளிகள் மூடப்பட்டன, ரயில்கள் நிறுத்தப்பட்டன. வைட் தீவின் நீடில்ஸ் முனையில் பதிவான உச்ச வேகம், 1987இல் கோர்ல்ஸ்டனில் பதிவான அதே 196 கி.மீ.தான்.

மேலே சொன்ன ஸ்டிங் ஜெட் போன்ற குறுகிய காற்றுப் பட்டை எந்த ஊரின் மீது எந்த மணிநேரத்தில் இறங்கும் என்பதை ஒரு நாள் முன்பே துல்லியமாகக் கூறுவது இன்றும் கடினம். அதனால் எச்சரிக்கை தேவையான பரப்பைவிடப் பெரிய பரப்புக்கு விடப்படும். காற்று வீசாத ஊர்களில் இருப்பவர்கள் வானிலையாளரைக் குறை சொல்வார்கள். இரண்டு புயல்களின் உயிரிழப்புகளையும் நேராக ஒப்பிடுபவர்கள், 1987 புயல் மக்கள் வீட்டுக்குள் உறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் வந்தது என்பதையும், யூனிஸ் வேலை நாளின் பகலில் வந்தது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.